பால் குடித்தால் வயிறு ஏன் பேசுகிறது? கோத்தகிரியில் என்னிடம் கேட்ட கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் கோத்தகிரிப் பக்கம் விலங்கியல் டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வகுப்பறை டீக்கடை பெஞ்சுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இடம் மாறிவிட்டது. பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அக்காக்கள் என்று எல்லோரும் ஏதாவது கேட்பார்கள். அதில் பாதி வயிற்றைப் பற்றியதாக இருக்கும்; வயிற்றைப் பற்றியதில் பாதி பாலைப் பற்றியதாக இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வேன். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

பாலில் அப்படி என்ன இருக்கிறது, அதைச் செரிக்கத் தனியாக ஒரு நொதி வேண்டியிருக்கிறது?

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். குளுக்கோஸ் ஒன்றும் காலக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்கிற இரட்டைச் சர்க்கரை அது. கைகோத்தபடியே குடல் சுவரைத் தாண்ட முடியாது. அந்தப் பிடியை அறுத்துவிடுகிற கத்திதான் லாக்டேஸ் என்ற நொதி. சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் அந்த வழியாகப் போகும்போது வேலை முடிந்துவிடும். கத்தி போதாவிட்டால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். போகிற வழியில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுவாக மாற்றும். தண்ணீரால் பேதி, வாயுவால் உப்புசமும் கடமுடா சத்தமும். குடித்த அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சின்ன வயசுல சொம்பு சொம்பாக் குடிச்சேன் டீச்சர். இப்ப ஒரு டம்ளர் குடிச்சாலே கலக்குது. குடல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. குடல் தனக்குக் கிடைத்த உத்தரவின்படிதான் நடக்கிறது.

பிறந்த குழந்தைக்குப் பாலைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அதனால் லாக்டேஸ் உற்பத்தி அப்போது உச்சத்தில் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அது வேகமாக ஏறுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் நொதி கொஞ்சம் தட்டுப்படுவது அதனால்தான். பால் மறக்கிற வயதுக்குப் பிறகு, உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி படிப்படியாக இறங்க ஆரம்பிக்கிறது. சில இனக்குழுக்களில் மூன்று நான்கு வயதிலேயே, சிலவற்றில் பத்து வயது தாண்டி. கடைசியில் பிறந்தபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். பூஜ்யம் ஆவதில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த மிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போடப்போகிறோம்.

நாய், பூனை, எருமைக்கன்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வளர்ந்த பூனைக்குக் கிண்ணத்தில் பால் வைத்துவிட்டு, அது மூலையில் போய் அசிங்கம் பண்ணினால் பூனையைத் திட்டாதீர்கள்.

இறக்கம் மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பத்து வயதில் குறைய ஆரம்பித்தது, கல்லூரி ஹாஸ்டலில் பால் இல்லாமல் சில வருடம் போய், கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் ஒரு சொம்பு பாலை நீட்டும்போதுதான் வெளியே வருகிறது. குற்றம் மாமியார் வீட்டுப் பாலின் மேல் விழுகிறது.

அந்த "போதும், நிறுத்து" என்ற உத்தரவை யார் கொடுக்கிறார்கள்?

இதுதான் நான் ஆசையாகக் காத்திருந்து பதில் சொல்கிற கேள்வி. கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு விஷயம். குடலுறிஞ்சியின் மேல் இருக்கும் செல்கள் நிரந்தரக் குடித்தனக்காரர்கள் இல்லை. அடியில் இருக்கும் குழியில் பிறந்து, மேலே மேலே ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் நுனியிலிருந்து உதிர்ந்துவிடும். கொழுந்து கிள்ளக் கிள்ள அடியிலிருந்து புதுத் தளிர் வருகிற மாதிரி. ஆகவே போன மாதம் செய்த லாக்டேஸ் இந்த மாதம் உதவாது. ஒவ்வொரு புதுச் செல்லும் தன் பங்கைப் புதிதாகச் செய்ய வேண்டும். "செய்யாதே" என்று சொல்லிவிட்டால், இருப்பைக் காலி பண்ண வேண்டிய வேலையே இல்லை. ஒரே வாரத்தில் தானாகத் தீர்ந்துவிடும்.

லாக்டேஸ் எப்படிச் செய்வது என்ற குறிப்பு இரண்டாம் குரோமோசோமில் எல்சிடி என்ற மரபணுவில் இருக்கிறது. அது மூலப்பத்திரம். பத்திரத்தை வெளியே எடுத்துப் போக முடியாது. நகல் எடுத்துத்தான் வேலை நடக்கும். அந்த நகல்தான் தூது ஆர்என்ஏ. குழந்தைக் குடலில் நகல்கள் நிறைய. பெரியவர் குடலில், பலருக்கு, நகல் ஒன்றிரண்டுதான். பத்திரத்தில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. பெரியவரின் எல்சிடி மரபணுவும் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த அதே மரபணுதான். நகல் எடுக்கிற வேகம்தான் குறைந்திருக்கிறது. அதாவது கட்டுப்பாடு பெரும்பாலும் படியெடுக்கிற மேஜையிலேயே நடக்கிறது.

அந்த வேகத்தை யார் ஏற்றி இறக்குகிறார்கள்? எல்சிடிக்கு முன்னால் ஏறக்குறைய பதினாலாயிரம் எழுத்து தூரத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது இருப்பது எம்சிஎம்6 என்ற வேறொரு மரபணுவின் உள்ளே. அந்த மரபணுவுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் நம் வீட்டு விளக்குக்கு சுவிட்ச் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தால் எப்படி? அப்படித்தான். சிடிஎக்ஸ்2, எச்என்எஃப்1 ஆல்ஃபா, காட்டா என்றெல்லாம் பெயர் கொண்ட புரதங்கள் எல்சிடியின் வாசலில் உட்கார்ந்து நகல் எடுக்கத் தூண்டுகின்றன. தூரத்தில் இருக்கிற அந்த சுவிட்ச் பகுதி, டிஎன்ஏ வளைந்து கொடுக்க, வாசலைத் தொட்டு அவற்றுக்குக் கை கொடுக்கிறது.

வயது ஏற ஏற, சாதாரணமாக, அந்தச் சுவிட்ச் பகுதியின் மேல் மீத்தைல் என்ற சின்ன வேதி முத்திரைகள் விழுகின்றன. பழைய பத்திரத்தில் அரக்கு வைத்து மூடுகிற மாதிரி. முத்திரை கூடக் கூட, புரதங்கள் வந்து உட்கார இடம் இல்லாமல் போகிறது, நகல் குறைகிறது. எழுத்து மாறவில்லை, மேலே ஒட்டுதான் ஏறியிருக்கிறது. எல்லாச் செல்களிலும் ஒரே நாளில் இது நடப்பதும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் குடலுறிஞ்சிகளில் ஒன்று லாக்டேஸ் செய்துகொண்டிருக்க, இன்னொன்று நிறுத்தியிருக்கும். திட்டுத் திட்டாக அணைகிறது.

சிலருக்கு மட்டும் இது அணைவதில்லை. 2002ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டுப் பெரிய குடும்பங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டுக் காரணத்தைப் பிடித்தார்கள். அந்தச் சுவிட்ச் பகுதியில் 13910 என்று எண் குறிக்கப்பட்ட இடத்தில், மற்றவர்களுக்கு "சி" என்ற எழுத்து இருக்க, பெரியவர்களானபின்பும் பால் செரிக்கிறவர்களுக்கு "டி" இருந்தது. ஒரே ஒரு எழுத்து! "டி" இருந்தால் ஆக்ட்-1 என்ற புரதம் அங்கே இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. மீத்தைல் முத்திரையும் அவ்வளவாக விழுவதில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதி. இரண்டில் ஒன்று "டி"யாக இருந்தாலே நடைமுறைக்குப் போதும். நொதியின் அளவு நடுத்தரமாக இருக்கும், பால் செரிக்கும். இரண்டும் "சி" என்றால்தான் வளர்ந்தபின் அணைந்துவிடும்.

அப்ப இது வியாதிதானே?

இல்லை. பெரியவர்களில் உலகில் மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் முழுசாகச் செரிப்பதில்லை. மூன்றில் இரண்டு பேருக்கு இருப்பதை வியாதி என்றால், மிச்சம் இருக்கிற ஒருவரைத்தான் விசித்திரப் பிறவி என்று சொல்ல வேண்டும். உண்மையில் அதுதான் சரி. பால் செரிக்கிற பெரியவர்தான் பாலூட்டிகளின் வழக்கத்துக்கு மாறானவர்.

மருத்துவம் இதை முதலில் அப்படிப் பார்க்கவில்லை. 1960களில் மேல்நாட்டு டாக்டர்கள் இதைக் "குறைபாடு" என்று எழுதினார்கள். தங்களைச் சுற்றி இருந்தவர்களை அளவுகோலாக வைத்ததால் வந்த வினை. இந்தியாவிலும் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். 1981ல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த வட இந்தியர்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியர்களில் 66 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "டி" எழுத்து வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வர வரக் குறைகிறது என்பது பின்னால் வந்த மரபணுக் கணக்கெடுப்பிலும் தெரிந்தது. ஆக, தமிழ்நாட்டில் பால் ஆகாதவர் பெரும்பான்மைக் கட்சி.

இங்கே குன்னூரைப் பற்றி ஒரு வார்த்தை. ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தொடங்கிய சின்ன ஆய்வுப் பிரிவுதான் பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. மதராஸ் பக்கத்து அரிசிச் சாப்பாடு தின்ற எலிகள் பின்தங்கின. அந்தப் பாலில் சத்து இருந்தது உண்மை. ஆனால் மனிதர்கள் எல்லோருடைய குடலும் ஒரே மாதிரி அந்தப் பாலை வரவேற்காது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நாடு முழுக்கப் "பால் குடி" என்று சொன்ன குரலுக்குப் பின்னால் அந்த இடைவெளி ரொம்ப நாள் இருந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழக்கினால் நொதி திரும்ப வருமா? எங்க பாட்டி அப்படித்தான் சொல்லுவாங்க.

பாட்டி சொன்ன வழி சரி, காரணம்தான் வேறு.

உடம்பில் சில நொதிகள் தேவையைப் பார்த்து ஏறும், இறங்கும். லாக்டேஸ் அந்த ரகம் இல்லை. பால் குடிப்பதால் நகல் எடுக்கும் வேகம் கூடாது. பாலை நிறுத்துவதால் குறையவும் செய்யாது. எலிக்குட்டிகளுக்குத் தாய்ப்பாலை நீட்டித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் லாக்டேஸ் தன் நேரத்துக்கு இறங்கியது. உள்ளே இருக்கிற கடிகாரம் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. "பாலை விட்டதால்தான் இப்படி ஆச்சு" என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வேண்டாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணினால் மறுபடி தழைக்கும்; இது அந்தக் கவ்வாத்து இல்லை.

பின் பழக்கத்தால் சிலருக்குக் குறைகிறதே, எப்படி? அது பெருங்குடலில் நடக்கிறது. தினம் கொஞ்சம் லாக்டோஸ் கீழே இறங்கினால், அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள், முக்கியமாக பிஃபிடோ வகை, பெருகுகின்றன. அவை லாக்டோஸை உடைக்கத் தங்கள் சொந்த நொதியை வைத்திருக்கின்றன. ஹைட்ரஜனும் அதிகம் விடுவதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் மூச்சில் வரும் ஹைட்ரஜன் குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் குடல் மாறவில்லை, குடலில் குடியிருப்பவர்கள் மாறிவிட்டார்கள். இரண்டு "சி" இருக்கிற பெரியவர்களின் குடலில் பிஃபிடோ பாக்டீரியா சராசரியாக அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். உங்களுக்குச் செரிக்காதது அவற்றுக்கு விருந்து.

ஆகவே பழக்கலாம். அரை டம்ளர், சாப்பாட்டோடு, தினமும். ஒரு மாதம் விட்டுவிட்டால் குடியிருப்பவர்களும் காலி பண்ணிவிடுவார்கள்; மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தோடர்களுக்கு மட்டும் பால் எப்படி ஒத்துக்கொள்கிறது? அவங்க சாப்பாடே பாலும் மோரும்தானே?

தோடர்கள் எருமை வளர்க்கிற நீலகிரிப் பழங்குடியினர். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்புக்குப் போனவர்கள் அந்தக் கூம்புக் கூரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். தோடர்களுக்குப் பால் கறந்து, உறை ஊற்றி, கடைகிற இடமே கோயில். புனித மந்தைக்கென்று தனி எருமைகள், அந்த வேலைக்கென்று பூசாரி, அவருக்கென்று கடுமையான விலக்குகள். மரபாகவே சைவ உணவுக்காரர்கள். பல தலைமுறையாகக் கொழுப்பு மிகுந்த எருமைப் பால்தான் அவர்கள் வாழ்க்கையின் நடுத்தூண்.

தெற்காசிய மரபணுக்களை விரிவாகப் பார்த்த அண்மை ஆய்வுகளில், பெரும்பாலான தென்னிந்தியக் குழுக்களில் அபூர்வமாக இருக்கிற அந்த "டி" எழுத்து, தோடர்களிடம் மிக உயர்ந்த அளவில் இருக்கிறது. அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இன்னொரு குழு பாகிஸ்தானின் குஜ்ஜர் மேய்ப்பர்கள். அதே 13910ஆம் இடம், அதே எழுத்து மாற்றம். ஐரோப்பாவில் இருப்பதும் இந்தியாவில் இருப்பதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை.

இதைக் கேட்டவுடன் சிலருக்குக் கண் விரிகிறது: "அப்ப தோடர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களா?" வெள்ளைக்காரர் காலத்தில் இப்படி எத்தனையோ கற்பனைக் கதைகள் கட்டினார்கள். தோடர் மொழி திராவிட மொழி, தமிழுக்கு உறவுமுறை. அந்த ஓர் எழுத்து பழங்காலத்தில் வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த மக்கள் கலப்பில் சிறு துளியாகத் தெற்கு வரை பரவியது. மற்றவர்களிடம் அது துளியாகவே நின்றுவிட்டது. பாலையே நம்பி வாழ்ந்த ஒரு சின்ன சமூகத்தில், அந்த எழுத்தோடு பிறந்த குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாகப் பெற்று, தலைமுறை தலைமுறையாக அது பெருகியது. ஒரு துளி உறை மோர் பானைப் பால் முழுவதையும் தயிராக்குகிற மாதிரி.

ஆப்பிரிக்காவின் மேய்ப்பர் குழுக்களிலும் அரேபியாவிலும் இதே சுவிட்ச் பகுதியில் வேறு வேறு எழுத்துகள் மாறி இதே பலனைக் கொடுத்திருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் 14010ஆம் இடம், அரேபியாவில் 13915ஆம் இடம். தனித்தனியாக, பல இடங்களில், பல முறை. பரிணாமத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் "பால் குடித்தால் மரபணு மாறும்" என்று இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. மங்கோலிய மேய்ப்பர்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வருடமாகப் பால்தான். பெரும்பாலானவர்களுக்கு "டி" கிடையாது. புளிக்க வைத்தும் பாலாடைக்கட்டி ஆக்கியும் சமாளிக்கிறார்கள். ஐரோப்பாவிலும் பழைய பானை ஓடுகளில் பால் கொழுப்பின் சுவடு கிடைக்கிற காலத்துக்கும் "டி" பரவலான காலத்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வருட இடைவெளி. 2022ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, சாதாரண நாளில் பால் ஆகாதவருக்கு உப்புசத்தோடு போய்விடும், பஞ்சமும் தொற்றுநோயும் வந்த நாளில்தான் அந்தப் பேதி உயிரைக் குடித்திருக்கும், தேர்வு அங்கேதான் நடந்தது என்று வாதாடுகிறது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

பால் ஆகாது, தயிர் ஆகுது. மனப்பிரமையா?

இல்லவே இல்லை. ஆனால் "தயிரில் லாக்டோஸே கிடையாது" என்று சொல்வதும் தப்பு. உறையும்போது பாக்டீரியா தின்பது பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத்தான். பெரும்பங்கு அப்படியே இருக்கும். ரகசியம் வேறு. அந்தப் பாக்டீரியாக்கள் தங்கள் உடம்புக்குள் லாக்டோஸை உடைக்கும் நொதியைச் சுமந்துகொண்டு நம் குடலுக்குள் போகின்றன. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அவை கரையும்போது நொதி வெளியே வந்து நமக்காக வேலை செய்கிறது. தயிர் கெட்டியாக மெதுவாக நகர்வதும் கைகொடுக்கிறது. ஆகவே தயிரைக் கொதிக்க வைத்து மோர்க்குழம்பு ஆக்கினால் இந்தக் கூலியாட்கள் செத்துப்போவார்கள். பச்சைத் தயிரில் கிடைக்கிற உதவி அதில் கிடைக்காது. அளவு குறைவு என்பதால் பெரும்பாலோருக்கு அதுவும் தொல்லை தருவதில்லை.

மோரில் தண்ணீர் சேர்வதால் ஒரு டம்ளருக்கு லாக்டோஸ் இன்னும் குறைவு. நெய்யில் அநேகமாக இல்லை. பனீரிலும் பாலாடைக்கட்டியிலும் பெரும்பகுதி லாக்டோஸ் வடிகிற தண்ணீரோடு போய்விடுகிறது. நாள்பட்ட கட்டியில் மிச்சமும் தீர்ந்துவிடும்.

பால்கோவா வேறு கதை. ஒரு லிட்டர் பாலில் 48 கிராம் போல லாக்டோஸ். அதை வற்ற வைத்து கால் கிலோவாக்கினால் ஆவியாவது தண்ணீர்தான். அந்த 48 கிராமும் சட்டியிலேயே இருக்கிறது. பால் பவுடரும் அப்படியே. கொழுப்பு நீக்கிய பவுடரில் எடையில் பாதி லாக்டோஸ். "பாலே தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பால்கோவாவைக் கையில் வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்படுவேன்.

டீயை விடணுமா?

மலையில் இருந்துகொண்டு டீயை விடச் சொல்வேனா! கணக்குப் பாருங்கள். கடை டீயில் அம்பது அறுபது மில்லி பால். லாக்டோஸ் மூன்று கிராம் வரை. பால் ஆகாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால், அதிகத் தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள். முன்னால் சொன்ன அந்தப் பத்தில் ஒரு பங்கு மிச்சம் அதற்குப் போதும். நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கிற டீ எதுவும் செய்யாது. ஒரே டீக்கு வயிறு கலங்கினால் பாலைச் சந்தேகிக்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் சாயமும் சர்க்கரையுமாகக் குடிக்கிற பழக்கத்தைப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் மாதிரி பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் விடை தெரியும்.

எருமைப் பால், பசும்பால், ஆட்டுப்பால், ஏ2 பால்: எது நல்லது?

லாக்டோஸைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை. நூறு மில்லிக்கு நாலரையிலிருந்து ஐந்து கிராம் சுமார். தாய்ப்பாலில்தான் அதிகம், ஏழு கிராம். எருமைப் பாலில் கொழுப்பு கூடுதல் என்பதால் இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும். சிலருக்கு அது சுகமாக இருக்கலாம். ஏ1, ஏ2 என்பது புரதத்தில் உள்ள வேறுபாடு; ஏ2 பாலிலும் லாக்டோஸ் அதேதான். காசு உங்களுடையது.

பாலைக் காய்ச்சினால் லாக்டோஸ் போகாது.

கீழே கோயமுத்தூரில் இருந்தவரை ஒண்ணுமில்லை. ஊட்டிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து உப்புசம். குளிரா?

குளிருக்கும் லாக்டேஸ் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. குடலுக்குள் எப்போதும் 37 டிகிரிதான். ஆனால் உயரத்துக்குச் சம்பந்தம் இருக்கலாம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டி குன்னூர் வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே? வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. மலையேறுகிற நாளில் உங்கள் குடலில் இருக்கும் வாயுவும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. அது ஏறிய நாளோடு முடிகிற சங்கதி. மாதக் கணக்காக இருந்தால் குளிருக்காக இங்கே வந்து நாலு டம்ளர் பாலாகக் கூட்டிக்கொண்டீர்களா என்று யோசியுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றது. இப்போது பால் கொடுத்தால் மறுபடி போகிறது. இதுவும் அந்த மரபணுவா?

இது வேறு. ரோட்டா வைரஸ் மாதிரித் தொற்று வந்தால் குடலுறிஞ்சிகளின் நுனி அரிக்கப்படுகிறது. லாக்டேஸ் இருப்பது சரியாக அந்த நுனியில்தான். சுவிட்ச் போடப்பட்டே இருக்கிறது, பல்புதான் உடைந்திருக்கிறது. புதுச் செல்கள் முளைத்து மேலே வந்ததும் நொதியும் திரும்பும். சில நாளிலிருந்து சில வாரம் ஆகலாம். இதற்காகத் தாய்ப்பாலை மட்டும் நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் குடல் சுவர் புண்ணாகிற நோய்களில் இப்படித் தற்காலிகமாக நொதி குறையும்.

பிறந்த அன்றிலிருந்தே லாக்டேஸ் இல்லாத குழந்தைகளும் உண்டு. மிக மிக அபூர்வம். பின்லாந்தில்தான் கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது. அங்கே மூலப்பத்திரத்திலேயே பிழை.

பால் அலர்ஜி என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அலர்ஜி பால் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பு சக்தி கிளம்புவது. தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் வரும். ஒரு சொட்டே ஆபத்தாகலாம். மேலே சொன்ன "அரை டம்ளர் பழக்குங்கள்" அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செலவில்லாத வழி: இரண்டு வாரம் பாலும் பால் இனிப்பும் நிறுத்துங்கள். தொல்லை போய்விட்டால், ஒருநாள் காலை வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பஸ்ஸில் போகிற நாளில் வேண்டாம்.

பெரிய மருத்துவமனைகளில் மூச்சுச் சோதனை உண்டு. வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசல் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு விட்டு ஊதச் சொல்வார்கள். மனித செல் எதுவும் ஹைட்ரஜன் வாயு செய்யாது, பாக்டீரியாதான் செய்யும். ஆகவே மூச்சில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஏறினால் லாக்டோஸ் செரிக்காமல் கீழே போயிருக்கிறது என்று பொருள். எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும்: பெருங்குடலில் நடப்பதை மூச்சு வழியாக உளவு பார்ப்பது! மீத்தேன் செய்கிற குடல்காரர்களுக்கு மட்டும் இது ஏமாற்றலாம்.

மரபணுச் சோதனை "சி"யா "டி"யா என்று சொல்லும். ஆனால் இரண்டு "சி" இருப்பதும் தொல்லை இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு "சி"யோடு தினம் இரண்டு டம்ளர் பால் குடித்து நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற பேதி இவற்றில் ஏதாவது இருந்தால் பாலை வைத்து விளையாடிக்கொண்டிருக்காதீர்கள். அது லாக்டேஸ் வேலை இல்லை, டாக்டரிடம் போங்கள்.

பாலை விட்டால் எலும்பு என்னாவது?

ராகி. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே எடைப் பசும்பாலில் 120 போல. ராகி கால்சியம் முழுசும் உடம்பில் சேராது, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ கொஞ்சம் நன்றாகச் சேரும். படுகர் வீட்டு ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டு, மேலே ஒரு டம்ளர் மோரும் குடிப்பவருக்குப் பால் கவலை வேண்டாம். தயிரில் பாலில் இருக்கிற கால்சியம் அப்படியே இருக்கிறது. வெயில் முக்கியம், மழை மாசத்தில் ஸ்வெட்டரும் குல்லாவுமாகவே இருக்கிற நமக்கு வைட்டமின் டி குறையலாம், அதை டாக்டரிடம் கேளுங்கள்.

லாக்டேஸ் மாத்திரை விற்கிறார்களே?

பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி. பால் பொருளின் முதல் வாயோடு போட்டுக்கொண்டால் வேலை செய்யும். உப்புசம் வந்த பிறகு போட்டால் வீண். அது உங்கள் குடலின் உற்பத்தியை ஏற்றவும் செய்யாது, "சோம்பேறி" ஆக்கவும் செய்யாது. கல்யாண விருந்துக்கு, பயணத்துக்குச் சரி. லாக்டோஸ் இல்லாத பால் என்று விற்பதும் பாலில் இதே நொதியை முன்கூட்டியே கலந்ததுதான். குளுக்கோஸும் காலக்டோஸும் பிரிந்துவிடுவதால் சர்க்கரை போடாமலே தித்திக்கும்.

கடைசியா ஒண்ணு டீச்சர். வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்?

வர்க்கி தாராளமாக. மைதாவும் கொழுப்பும்தான் பிரதானம். லாக்டோஸ் கணக்கில் வராது. (மற்ற கணக்கில் வரும், அதை நான் சொல்லவில்லை.) சாக்லேட்டில் கறுப்பு ரகம் பரவாயில்லை. மில்க் சாக்லேட்டில் பால் பவுடர் இருக்கிறது; இரண்டு துண்டு ஒன்றும் செய்யாது. ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு வாங்கிய கால் கிலோ டப்பாவை நீங்களே உட்கார்ந்து காலி பண்ணினால் ராத்திரி தெரியும்.